மூன்றுசுழி ‘ண’வும் 16 அங்குல ஸ்க்ரோல் சாவும்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மூன்றுசுழி ‘ண’ ஒன்றை 6 மி.மீ. பிளைவுட்டில் அறுத்துப் பார்த்தால், மெல்லிய பிளேடை மேலும் கீழும் ஓட்டி வளைவுகளை அறுக்கும் இயந்திரமான ஸ்க்ரோல் சா எத்தகையது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சுழியின் உட்புறம் அடைபட்ட வெளி. பலகையின் விளிம்பிலிருந்து அறுத்துக்கொண்டு அதற்குள் நுழைய வழியில்லை. ஆகவே சிறு துளையிட்டு, பிளேடை அதன் வழியே கோத்து, இரு முனைகளையும் பிடிப்பானில் இறுக்கி, விறைப்பேற்றி, உட்பகுதியை வெட்டியெடுத்த பிறகு அனைத்தையும் கழற்றிக்கொண்டு அடுத்த சுழிக்குச் செல்ல வேண்டும். ஒரு வீட்டுப் பெயர்ப்பலகையில் இப்படிப் பதினைந்து, இருபது துளைகள் வந்துவிடும். கம்பிக் கோலம் என்றால் ஐம்பதைத் தாண்டும். மோட்டாரின் வலிமையைப் பற்றிக் கடைக்காரர்கள் விரிவாகப் பேசுகிறார்கள். ஆனால் நம் எழுத்தையும் கோலத்தையும் அறுப்பவருக்கு இந்த இயந்திரத்தின் தரம் பிளேடைப் பிடிக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

நான் பயன்படுத்துவது 16 அங்குல வகை. ஒரே வார்ப்பும் ஏறக்குறைய ஒரே உள்ளமைப்பும் கொண்ட இந்த இயந்திரம் பல நிறங்களில், பல பெயர்களில் விற்கப்படுகிறது என்பதால், இம்மதிப்புரையை எந்தவொரு நிறுவனத்தின் மீதும் ஏற்றாமல் அந்த வகையைப் பற்றியதாகவே எழுதுகிறேன். 16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்னாலுள்ள தூணுக்கும் இடைப்பட்ட தொலைவு, அதாவது ஏறத்தாழ 406 மி.மீ. மோட்டார் 120 வாட். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 வீச்சுகள் (பிளேடு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு வீச்சு) வரை வேகத்தை ஒரு குமிழைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். மேசை இடப்புறமாக 45 பாகை வரை சாயும். பிளேடைப் பிடிக்கும் மேல் கையும் கீழ்க் கையும் இணையாக ஏறி இறங்கும் அமைப்பு என்பதால் பிளேடு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகவே ஓடுகிறது. ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்குள் இவ்வளவும் கிடைப்பது பாராட்டத்தக்கது.

பெட்டியுடன் வருபவை முனைகளில் குறுக்கே சிறு ஊசி பொருத்திய பிளேடுகள். மாட்டுவதற்கு இவை எளியவை. கொக்கியில் தொங்கவிட்டு நெம்புகோலைத் தள்ளினால் போதும். ஆனால் அந்த ஊசி நுழைவதற்கே ஏறத்தாழ 5 மி.மீ. துளை தேவைப்படுகிறது. இரண்டு அங்குல உயரமுள்ள எழுத்தில் சுழியின் உட்புறமே அவ்வளவுதான் இருக்கும். மேலும் இந்த பிளேடுகளின் அகலம் சுமார் 2.5 மி.மீ. என்பதால், சிறிய வளைவில் திரும்பும்போது பிளேடின் முதுகு மரத்தில் உராய்ந்து, விளிம்பு கருகிவிடுகிறது. முதல் மாதத்தில் நான் அறுத்த எழுத்துகள் அனைத்தும் தீயில் வாட்டியவை போலவே இருந்தன. குறை என் கையில் இருப்பதாக எண்ணி, பல நாட்கள் பயிற்சியிலேயே கழித்தேன்.

தீர்வு, ஊசியில்லாத 5 அங்குல பிளேடுகளுக்கு மாறுவது. எண் 5 என்று விற்கப்படும் பிளேடின் அகலம் 1 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. எண் 2 அதனினும் மெல்லியது. ஒன்றரை மி.மீ. பிட்டால் இட்ட துளையில் இரண்டுமே நுழைந்துவிடும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு எண் 2 அல்லது 3, 12 மி.மீ. தேக்குக்கு எண் 5 என்பது என் வழக்கம். அடிப்புறத்தில் சில பற்கள் தலைகீழாக அமைந்த பிளேடுகளும் கிடைக்கின்றன. அவை கீழ்ப்பக்க இழைகள் பிய்வதைப் பெரிதும் தடுக்கின்றன. ஓல்சன், பெகாஸ் ஆகிய பெயர்களில் வருபவை சீராக அறுத்தன. விலை அதிகமானாலும் பணத்துக்கு ஏற்றவை.

ஊசியில்லாத பிளேடுகளுக்கான பிடிப்பான் இயந்திரத்துடனேயே வருகிறது. ஆயினும் இந்த இயந்திரத்தின் மிகப்பெரிய குறை அதுவே. சிறு திருகுகளை அறுகோண அல்லன் சாவியால் இறுக்க வேண்டும்; ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது; போதாக்குறைக்கு, அறுத்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பிடிப்பிலிருந்து பிளேடு நழுவுகிறது. புதிய பிளேடுகளின் மீது துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் எண்ணெயே இதற்குப் பாதிக் காரணம். பிளேடின் இரு முனைகளையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, எமெரி தாளால் ஒருமுறை உரசி, திருகின் நுனியையும் அவ்வாறே சற்றுச் சொரசொரப்பாக்கிய பிறகு நழுவுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கருவியின்றி விரலாலேயே இறுக்கும் பிடிப்பான்கள் டீவால்ட் டி.டபிள்யூ. 788 போன்ற 20 அங்குல இயந்திரங்களில் உள்ளன. அவை கனமானவை, விலையும் பல மடங்கு அதிகம். கோலம் அறுப்பதையே தொழிலாகக் கொள்பவருக்கு அந்த வேறுபாட்டுத் தொகை நியாயமானதே என்று கருதுகிறேன்.

விறைப்பைப் பற்றி ஒரு சொல். பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி போலத் தெளிந்த ஒலி எழ வேண்டும்; மந்தமாக ஒலித்தால் விறைப்புப் போதவில்லை. விறைப்புக் குறைந்த பிளேடு நடுவில் புடைத்துக்கொள்வதால், மேற்பக்கம் கோட்டின் மீது சென்றாலும் கீழ்ப்பக்கம் ஒரு நூல் அளவு விலகியிருக்கும். பிளேடு நேராக அறுக்காமல் சற்று வலப்புறம் இழுப்பது மட்டும் இயந்திரத்தின் குறையன்று. தயாரிக்கும்போது பற்களின் ஒரு பக்கத்தில் தங்கிவிடும் பிசிறே அதற்குக் காரணம். பலகையைச் சில பாகைகள் சாய்த்துத் தள்ளப் பழகிவிட்டால் கை தானாகவே ஈடுசெய்துகொள்கிறது.

அதிர்வு அடுத்த குறை. சாதாரண மேசையில் வைத்து ஓட்டியபோது 1,000 வீச்சுக்கு மேல் பென்சில் கோடே கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. கனமான மரப்பலகை ஒன்றில் அடித்தளத்தைப் போல்ட்டால் பொருத்தி, இடையே ரப்பர் விரிப்பை வைத்த பிறகு நிலைமை முற்றிலும் மாறியது. மேசையின் நடுவிலுள்ள திறப்பும் நமக்கு அகலமானது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் அறுபட்டவுடன் அதற்குள் விழுந்து மறைந்துவிடுகின்றன. 3 மி.மீ. பிளைவுட் துண்டொன்றில் மெல்லிய துளையிட்டு, இருபக்க டேப்பால் மேசைமீது ஒட்டிவிட்டேன். அதன்பின் ஒரு புள்ளியும் தொலையவில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை இயந்திரம் அதிகம் கேட்பதில்லை. ஆனால் கேட்பதைக் கொடுக்க வேண்டும். கைகள் அசையும் பேரிங்குகளுக்கு ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் தேவை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூடியைத் திறந்து, அச்சைச் சுற்றி எஸ்.ஏ.இ. 20 தர இயந்திர எண்ணெயைத் தாராளமாக விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் மறுபக்கத்துக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். மேசைக்கு மாதம் ஒருமுறை மெழுகு பூசித் துடைத்தால் பலகை வழுக்கிக்கொண்டு நகர்வதுடன், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் வார்ப்பிரும்பு துருப்பிடிப்பதில்லை. சாய்மானத்தைக் காட்டும் அளவுகோலை நம்ப வேண்டாம். கனமான கட்டையொன்றில் சிறிதளவு அறுத்து, கட்டையைப் பின்பக்கம் கொண்டுசென்று அதே வெட்டில் பிளேடின் முதுகு தடையின்றி நுழைகிறதா என்று பார்ப்பதே மூலைமட்டத்தை விட நுட்பமான சோதனை. தூசியை ஊதும் மெல்லிய குழாய் கோட்டைத் துலக்கிக் காட்டுகிறது. ஆனால் அந்தத் தூசு எதிரே அமர்ந்திருப்பவரின் மூச்சுக்கே வருகிறது. தேக்கு, ஈட்டி ஆகிய மரங்களின் தூசு தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

தேக்கில் சிலிக்கா கலந்திருப்பதால் பற்கள் விரைவில் மழுங்குகின்றன. வரைபடத்தின் மீது பெட்டி ஒட்டும் வழவழப்பான டேப்பை ஒட்டி அறுத்தால் சூடு குறைந்து கருகலும் நீங்குகிறது. அப்படியும் அரை மணி நேரத்துக்குப் பிறகு பிளேடை மாற்றிவிடுவது நல்லது. மழுங்கிய பிளேடைத் தள்ளிக்கொண்டே இருந்தால் பேரிங்கும் தேய்கிறது, விளிம்பும் அலையலையாகிறது.

இயந்திரம் நன்றாக அறுத்தால் மெருகேற்றும் வேலை பாதியாகக் குறைகிறது என்பதால் அதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். சரியான பிளேடால் அறுத்த தேக்கு எழுத்தின் பக்கவாட்டை எங்கள் தெருவின் முதிய தச்சர் ஒருவர் விரலால் தடவிப் பார்த்து, “இதுக்கு உப்புத்தாளே வேண்டாம் தம்பி” என்றார். அதில் உண்மை உண்டு. பக்கவாட்டில் தாளைத் தேய்த்தால் எழுத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. முகப்புக்கு மட்டும் 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாளும், சுழிகளுக்குள் நிற்கும் பிசிறுக்கு ஊசி அரமும் போதும். கம்பிக் கோலம் போன்ற நுண்ணிய வேலைகளில் தூரிகை உள்ளே எட்டாது. அகன்ற தட்டில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) ஊற்றி, வேலையை முழுதாக முக்கியெடுத்து, கால் மணி நேரம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. காயும்போது உண்டாகும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியில் காயவைக்க வேண்டும், அல்லது நீரில் முக்க வேண்டும். எண்ணெய் நன்கு காய்ந்த பின் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை மெல்லிய இரு பூச்சுகளாகக் கொடுத்தால் தேக்கின் நிறம் எழுந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் பூசினால் ஈரத்தை இழுத்து வெளுத்துப் பூத்துவிடுகிறது. வெயில் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது. வாசலில் மாட்டும் பலகைக்கு அரக்கு ஏற்றதன்று, வெளிப்புற வார்னிஷ் வேண்டும்.

25 மி.மீ.க்கு மேல் கனமுள்ள தேக்கை நாள்தோறும் அறுக்க வேண்டியவருக்கு இந்த இயந்திரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். 50 மி.மீ. வரை அறுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், அந்தக் கனத்தில் வேலை மிக மெதுவாக நடக்கிறது, மோட்டாரும் சூடேறுகிறது. பெயர்ப்பலகை, கோலத் தட்டி, குழந்தைகளுக்கான உயிரெழுத்துப் பலகை ஆகியவற்றை ஓய்வு நேரத்தில் செய்ய விரும்புபவர் தாராளமாக வாங்கலாம். வாங்கும் அன்றே ஊசியில்லாத பிளேடுகளில் எண் 2, எண் 5 ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு டஜனும், ஒன்றரை மி.மீ. பிட்டுகள் சிலவும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வந்த பிளேடுகளை நேர்க்கோட்டு வேலைக்கு ஒதுக்கிவையுங்கள்.