விடியற்காலை விமானத்துக்கு விமானியை எழுப்புவது எது?

சென்னையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பும் உள்நாட்டு விமானத்தின் விமானி, வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னதாக, நாலரைக்கே பணிக்கு வந்துவிட வேண்டும். வீட்டு வாசலில் கார் மூன்றரைக்கெல்லாம் வந்து நிற்கும். குளித்து, சீருடை அணிந்து, ஒரு வாய் காபி குடிக்க வேண்டுமென்றால் இரண்டே முக்காலுக்குக் கண் விழித்தாக வேண்டும். அதிகாலை 2 முதல் 6 வரை மனித உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும் என்று விமானப் போக்குவரத்துத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தன் விதிகளிலேயே தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. எழுவதற்கு மிகக் கடினமான அந்தப் பொழுதில் எழுந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பொறுப்பேற்கப் போகிறவர் எதை நம்பிப் படுக்கலாம்?

எது அதிகச் சத்தம் போடுகிறது என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எது எப்படியெல்லாம் கைவிடும் என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசியிலிருந்து தொடங்கலாம். அதுதான் எல்லோரிடமும் இருக்கிறது. எத்தனை அலாரம் வேண்டுமானாலும் வைக்கலாம், இணைய இணைப்பு இருந்தால் போகிற ஊரின் நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். ஆனால் 2:40, 2:45, 2:50 என்று அடுத்தடுத்து வைக்கும் மூன்று அலாரங்கள் மூன்று பாதுகாப்புகள் அல்ல. சார்ஜ் தீர்ந்தால் மூன்றும் சேர்ந்தே போகும். ஒலியளவு குறைந்திருந்தால் மூன்றும் முணுமுணுக்கும். மென்பொருளில் பிழை வந்தால் எதுவும் அடிக்காது. இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2010 அக்டோபர் இறுதியில் ஐரோப்பாவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை வழக்கம்போல ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பியபோது, ஐபோன்களில் தினசரி அடிக்கும்படி வைத்திருந்த அலாரங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தன. சரியாக இரண்டு மாதம் கழித்து, 2011 ஜனவரி 1, 2 தேதிகளில், ஒருமுறை மட்டும் அடிக்கும்படி வைத்த அலாரங்கள் அடிக்கவே இல்லை. கைப்பேசித் திரையில் நேரம் சரியாகவே தெரிந்தது. அலாரம் மட்டும் ஏமாற்றியது.

ஹோட்டல் அறையில் இன்னொரு கண்ணி உண்டு. படுக்கைக்கு அருகே எல்லா விளக்குகளையும் ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்ச் இருக்கும். சில அறைகளில் அதைத் தட்டினால் மேசையோரத்து பிளக் பாயிண்டும் சேர்ந்து செத்துவிடும். சார்ஜ் ஏறுகிறது என்ற நம்பிக்கையில் விமானி படுப்பார். விளக்கு அணைந்த கணத்திலேயே சார்ஜ் ஏறுவதும் நின்றிருக்கும். விளக்கை அணைத்த பிறகு கைப்பேசித் திரையில் மின்னல் குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பது, இன்னும் பத்து அலாரம் வைப்பதைவிட மேல்.

பேட்டரியில் ஓடும் சிறிய மேசைக் கடிகாரம் பழைய சரக்காகத் தோன்றலாம். என் கணக்கில் அதன் மதிப்பு மிகப் பெரியது. அதற்கு சார்ஜர் வேண்டாம், இணைப்பு வேண்டாம், யாரும் இரவோடு இரவாக அதன் மென்பொருளைப் புதுப்பிக்கப் போவதில்லை. படுக்கையிலிருந்து கை எட்டாத தூரத்தில், அறையின் மறுகோடியில் வைத்தால் எழுந்து நடந்துதான் அணைக்க வேண்டும். தலைமாட்டில் இருக்கும் கைப்பேசியை அரைத்தூக்கத்தில் தடவி அணைத்துவிட்டுக் காலையில் அதை நினைவுகூடக் கொள்ளாதவர்கள் ஏராளம். கடிகாரத்தின் குறை, நாம் சொன்ன நேரத்தை மட்டுமே அது அறியும் என்பது. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கோடைக்காகக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும் வழக்கப்படி, ஜெர்மனியில் 2 மணி ஒரே தாவலில் 3 மணி ஆகிவிடும். அன்றிரவு பிராங்பர்ட்டில் தங்கியிருக்கும் இந்திய விமானியின் மேசைக் கடிகாரம் 4 என்று காட்டி அடிக்கும்போது ஊரில் மணி 5 ஆகியிருக்கும். நேரத்தை மாற்றும் பழக்கமே இல்லாத நாட்டிலிருந்து போகிறவருக்கு இது நினைவில் நிற்காது. கைப்பேசிக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வேறு கவலை: விமானப் பயன்முறையிலிருந்து மாற்ற மறந்தால், புறப்பட்ட ஊரின் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் தவறுகின்றன, ஆனால் ஒரே காரணத்தால் தவறுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

வரவேற்பு மேசையிலிருந்து வரும் எழுப்பும் அழைப்புக்கு வருவோம். வெளியூரில் தங்கும் விமானக் குழுவினருக்கு இது நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது. மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தால் அதற்கு இணை கிடையாது. "குட் மார்னிங் சார்" என்ற குரலுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாலே பாதித் தூக்கம் போய்விடும். பதில் வரவில்லை என்றால் மீண்டும் அழைப்பார், ஆளனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வார். இப்போது பல ஹோட்டல்களில் அழைப்பது இயந்திரம். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் எழுந்துவிட்டதாகக் கணக்கு. காலை நான்கை மாலை நான்காகப் பதிவதும், அறை எண் மாறிப்போவதும் நடக்கும். ஆகவே இதை முதல் அரணாகக் கொள்ள மாட்டேன். அழைப்பது மனிதரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்றாவது அரணாகக் கட்டாயம் வைத்துக்கொள்வேன்.

மணிக்கட்டில் அதிரும் ஸ்மார்ட் வாட்ச், பக்கத்தில் கைக்குழந்தையோ துணையோ உறங்கும் வீட்டில் மட்டுமே முதலிடம் பெறுகிறது. ஆழ்ந்து உறங்குபவருக்கு அதிர்வு போதாது. பலவற்றை தினமும் சார்ஜ் செய்தாக வேண்டும். வீட்டார் எழுப்புவது நம்பகமானதுதான். ஆனால் வாரத்தில் பாதி நாள் இரண்டே முக்காலுக்கு இன்னொருவர் தூக்கத்தையும் கெடுப்பது நியாயமில்லை.

என் தேர்வு: கைப்பேசி ஒன்று, கை எட்டாத மேசைக் கடிகாரம் ஒன்று. வெளியூர் என்றால் கூடவே மனிதர் அழைக்கும் அழைப்பு ஒன்று.

இத்தனையும் ஒழுங்காக வேலை செய்தாலும் கண் திறப்பது வேறு, தெளிவது வேறு. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருந்தது. நெடுநேரத் தூக்கத்திலிருந்து விழித்தவுடன் நீடிக்கும் மந்தநிலை அவர் தீர்மானங்களைப் பாதித்திருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இறங்கும் பாதை சரியில்லை, மேலெழும்பிச் செல்லலாம் என்று துணை விமானி சொல்லியும் கேப்டன் தரையிறக்கத்தைத் தொடர்ந்தார். அந்த 158 பேரை நினைத்தால், எழுந்ததும் கார் ஏறலாம் என்று கணக்குப் போடும் அட்டவணை எனக்குக் கோபமூட்டுகிறது. எழுவதற்கும் கிளம்புவதற்கும் இடையே நாற்பது நிமிடமாவது இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

பறக்கும்போது எழுப்பும் வழிகளையும் ஒப்பிட வேண்டும். 1994இல் வெளியான நாசா ஆய்வில், நீண்ட தூர விமானிகளுக்குத் திட்டமிட்டு 40 நிமிட ஓய்வு தரப்பட்டது. சராசரியாக 26 நிமிடம் உறங்கினார்கள். ஓய்வு பெறாதவர்களைவிடக் கவனம் மேம்பட்டிருந்தது. ஐரோப்பாவில் இத்தகைய ஓய்வுக்கு இடமுண்டு, அமெரிக்காவில் இல்லை. இதில் ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருப்பார். விமானப் பணியாளர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள், அவர்கள் அவ்வப்போது இன்டர்காமில் அழைத்து நிலவரம் கேட்பார்கள். மனிதரை மனிதர் எழுப்பும் முறை இது. 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாத்திக் ஏர் விமானத்தில் கேப்டன் ஓய்வெடுக்க, கட்டுப்பாட்டை ஏற்றிருந்த துணை விமானியும் தன்னையறியாமல் உறங்கிவிட்டார். சுமார் 28 நிமிடம் கட்டுப்பாட்டு மையத்தின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. கேப்டன் தானே விழித்ததால்தான் 153 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். அந்தத் துணை விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். முந்தைய இரவு அவர் சரியாக உறங்கவில்லை. எந்தக் கடிகாரமும் அவருக்கு அந்தத் தூக்கத்தைத் திருப்பித் தந்திருக்காது.

ஆகவே கடிகாரங்களோடு ஒப்பிட வேண்டிய கடைசி வழி பணி அட்டவணைதான். விமானிகளின் பணி நேர விதிகளில் 2024 ஜனவரியில் டிஜிசிஏ வெளியிட்ட திருத்தம், வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது. இரவுப் பணியின் எல்லையைக் காலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு நீட்டியது. ஐந்தேகாலுக்குப் பணிக்கு வருபவர் பழைய கணக்கில் இரவுப் பணிக்காரர் இல்லை, புதிய கணக்கில் இரவுப் பணிக்காரர். அவர் மூன்றரைக்கே எழுந்தவர் என்பதை விதி ஒருவழியாக ஒப்புக்கொண்டது. நடைமுறைக்கு வர 2025 ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டங்கள் ஆயின. அந்த டிசம்பரிலேயே, போதிய விமானிகள் இல்லாமல் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, இரவுப் பணி விதிகளில் தற்காலிக விலக்கும் தரப்பட்டது. பயணிகள் பட்ட அவதி உண்மை. ஆனாலும் விமானிகளைக் கூடுதலாக வேலைக்கு எடுத்துச் சரிசெய்ய வேண்டியதை, இருப்பவர்களின் தூக்கத்திலிருந்து பிடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.