ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரியை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

வாடகை வீட்டில் இருந்தபடி சொந்தத் தொழில் தொடங்கி, "முகவரியும் ஆவணங்களும் நாங்களே தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ஏஜென்ட்கள் மூலம் ஜிஎஸ்டி பதிவு எடுக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. அப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துப் பெற்ற முகவரியால் என் பதிவு ரத்தானது. அதோடு ஆன்லைன் விற்பனைக் கணக்கும் முடங்கியது.

நான் மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் வசித்துக்கொண்டு, கைத்தறித் துணியில் பைகளும் மேசை விரிப்புகளும் தைத்து விற்கிறேன். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாக வெளிமாநிலங்களுக்கு அனுப்புவதென்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இதற்கு அரசு ஒரு பைசாவும் கட்டணம் வாங்குவதில்லை. வாடகைக்காரர்களுக்குச் சிக்கல் வருவது முதன்மைத் தொழிலிடத்தைக் காட்டும் இடத்தில்தான். வாடகை ஒப்பந்தத்தோடு, வீடு உரிமையாளருடையது என்பதற்குச் சொத்து வரி ரசீதோ ஈபி பில்லோ வேண்டும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும்.

எங்கள் ஹவுஸ் ஓனர் மறுத்துவிட்டார். "அதெல்லாம் வேணாம்மா, கமர்ஷியல்னு போட்டா ஈபி ரேட்டும் ஏறும், கார்ப்பரேஷன் வரியும் ஏறும், நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா கோர்ட்டுக்குப் போவீங்க" என்றார். சென்னையில் வாடகைக்கு இருக்கும் பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில்தான் இது. அவருடைய அச்சத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் நுழைகிறார்கள்.

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் எனக்கு ஒரு மேசை ஒதுக்கப்படும் என்றும், வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், ஈபி பில், பெயர்ப்பலகை அனைத்தும் கட்டணத்தில் அடங்கும் என்றும், அதிகாரி நேரில் வந்தால் அவர்களுடைய ஆட்களே பேசிக்கொள்வார்கள் என்றும் ஏஜென்ட் உறுதியளித்தார். ஆதார் ஓடிபியை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். பதிவு எண் வந்தது. சில மாதங்கள் விற்பனையும் ஒழுங்காக நடந்தது.

பிறகு ஒரு நாள் விற்பனைத் தளம் என் கணக்கை நிறுத்தியது. ஜிஎஸ்டி இணையதளத்தில் என் எண்ணைத் தேடியபோது 'ரத்து' என்று காட்டியது. எனக்கு எந்த நோட்டீஸும் வரவில்லையே என்று ஆடிட்டரிடம் போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது: விண்ணப்பத்தில் என் மின்னஞ்சல், கைப்பேசி எண் இரண்டுக்கும் பதிலாக ஏஜென்ட் தன்னுடையவற்றைக் கொடுத்திருக்கிறார். பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்கும் நோட்டீஸுக்கு 7 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த நோட்டீஸ் அவருக்குப் போயிருக்கிறது. அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரணம், அறிவிக்கப்பட்ட இடத்தில் தொழில் எதுவும் நடக்கவில்லை என்பது. அதிகாரி நேரில் ஆய்வு செய்தால் புகைப்படங்களோடு அறிக்கையைப் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. போலிப் பதிவுகளைக் கண்டுபிடிக்க 2023-இலும் 2024-இலும் நாடு முழுவதும் சிறப்பு ஆய்வுகள் நடத்தப்பட்டன. அதற்குப் பிறகும் ஒரே முகவரியில் பல பெயர்கள் குவிந்திருந்தால் சந்தேகம் வராமல் போகாது. நான் அந்த அலுவலகத்துக்கு நேரில் போனபோது, வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் லேமினேட் செய்யப்பட்ட பெயர்த்தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. யாருடைய பெயரைச் சொல்லி அதிகாரி வருகிறாரோ அவருடைய தாளை எடுத்துக் கதவில் ஒட்டுவார்களாம். என் பெயர்த்தாளைத் தேடிய ஊழியருக்கு அது கிடைக்கவில்லை. அதிகாரி வந்த அன்றும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆவணங்களை ஆடிட்டர் பார்த்தபோது இன்னும் மோசமானது தெரிந்தது. சம்மதக் கடிதத்தில் உரிமையாளர் என்று கையெழுத்திட்டவர் உண்மையில் அந்தக் கட்டடத்தின் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தவர். உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி இருந்ததாக ஒரு தாளும் இல்லை. ஈபி பில்லில் இருந்தது மூன்றாவது ஒரு பெயர். வாடகை ஒப்பந்தத்தில் என் கையெழுத்து என்று இருந்தது என்னுடையதே அல்ல. பதிவு விவரங்களில் பொய்யான தகவல் இருந்தால் ஜிஎஸ்டி சட்டத்தின் 122-ஆம் பிரிவில் குறைந்தது 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. விண்ணப்பம் என் ஆதாரில் போயிருப்பதால் கேள்வி என்னிடம்தான் வரும், ஏஜென்ட்டிடம் அல்ல. கணக்குப் புத்தகங்களை முதன்மைத் தொழிலிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதையோ, சரக்கு வீட்டில் இருந்தால் வீட்டைக் கூடுதல் தொழிலிடமாகக் காட்ட வேண்டும் என்பதையோ அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. என் பைகள் முழுவதும் மடிப்பாக்கத்தில்தான் இருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவு எடுத்துக் கொடுத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று பதில் வந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரத்து உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் நிலுவையில் உள்ள ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து வரியைக் கட்டியிருக்க வேண்டும். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வேறொருவர் கையில் சிக்கியிருந்தால், அடையாளச் சான்றுகளோடு உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியை அணுகி மாற்றிக்கொள்ளலாம். பதிவு திரும்பக் கிடைத்தவுடன் முகவரித் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதன்மைத் தொழிலிடத்தை மாற்ற அதிகாரியின் ஒப்புதல் தேவை.

ஹவுஸ் ஓனரிடம் மீண்டும் பேசினேன். இந்த முறை வாய்ப்பேச்சாக இல்லாமல், வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள், வேலைக்கு ஆள் வைக்கப்படாது, வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் இந்தச் சம்மதமும் முடிந்து முகவரி மாற்றப்படும், ஈபி கட்டணமோ சொத்து வரியோ இதனால் கூடினால் கூடுதல் தொகை என் பொறுப்பு என்று எழுதி எடுத்துப் போனேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். உரிமையாளரின் பான் கார்டு, அவர் வீட்டின் முன் நிற்கும் படம் என்றெல்லாம் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது என்று ஆடிட்டர் காட்டியது ஹவுஸ் ஓனருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. புதிய வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சம்மதத்தைக் கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

பகிர்வு அலுவலகங்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்கென்று ஒரு மேசை உண்மையில் இருந்து, நீங்கள் நினைத்த நேரத்தில் போய் உட்கார முடிந்து, உள்வாடகைக்கு விடக் கட்டட உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதியையும் அவர் பெயரிலுள்ள சொத்து வரி ரசீதையும் காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் திரையில் நீங்களே பாருங்கள். அதைக் காட்டாமல் ஓடிபியை மட்டும் கேட்கிறவரிடம் ஓடிபியைக் கொடுக்காதீர்கள். புகார் விசாரணையில் இருப்பதால் ஏஜென்ட்டின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவருடைய விளம்பரம் இப்போது வேறொரு பெயரில், அதே கட்டடத்தின் படத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.