டிக்கியா, பின்பக்க ஸ்டாண்டா, கூரையா? காரில் ஊர் சுற்ற எந்த எலக்ட்ரிக் சைக்கிள்

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்றுதான். காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வி பிறகு. முதலில் கடையிலேயே சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை 20 முதல் 28 கிலோ வரை இருக்கும். நாள் முழுக்க கார் ஓட்டிக் களைத்து, இருட்டிய பிறகு லாட்ஜ் வாசலில் அதை இறக்கப்போவதும் நீங்கள்தான்.

கூரையை முதலிலேயே தள்ளிவிடலாம். கூரை ஸ்டாண்டுகள் பலவும் ஒரு சைக்கிளுக்கு 20 கிலோவுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. தாங்கினாலும், அந்த எடையைத் தலைக்கு மேல் தனியாளாக ஏற்றவேண்டும். காரின் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டல் போர்ட்டிகோ, அடித்தள பார்க்கிங், ரயில்வே சுரங்கப்பாதை எல்லாவற்றிலும் பயந்து பயந்துதான் நுழைய வேண்டும்.

பெல்ட் போட்டு டிக்கிக் கதவில் மாட்டும் ஸ்டாண்ட் விலை குறைவு என்பதால் பலர் அதைத்தான் பார்க்கிறார்கள். அது சாதா சைக்கிளுக்கு ஏற்பட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் 25 கிலோ எகிறி விழும்போது அந்த அடி முழுவதும் பெல்ட் கொக்கியிலும் கதவின் தகட்டிலும்தான் இறங்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்தால் போலீஸ் அபராதம் வேறு. ஐரோப்பாவில் டோ பார் (காரின் பின்னால் டிரெய்லரை இழுக்கப் போடும் இரும்புக் கம்பி) கொக்கியில் பொருத்தும் தட்டு ஸ்டாண்டுகள் உண்டு. சைக்கிளுக்கு 30 கிலோ வரை தாங்குபவை. இங்கே டோ பாரோடு வரும் கார்கள் அரிது. வெளிக் கடையில் அதைப் போட்டுக்கொள்வதானால் கார் கம்பெனியிடமும் இன்சூரன்ஸிலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆக, மிஞ்சுவது காருக்குள் வைப்பது. 20 அங்குலச் சக்கரத்தோடு மடங்கும் சைக்கிள் இங்கேதான் ஜெயிக்கிறது. ஹேட்ச்பேக்கில் பின் சீட்டை மடக்கினால் இடம் கிடைத்துவிடும். செடானில் டிக்கி வாயை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய போர்வையை விரித்து, கியர் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். கியர் தொங்கும் கொக்கி அடியில் மாட்டினால் வளைந்துவிடும். பிறகு எந்த கியரும் ஒழுங்காக விழாது. மடிப்புக் கீலின் பூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் மடக்கு சைக்கிளை மலையில் நம்ப முடியாது. கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம்: 70 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1000 மீட்டர் ஏற்றம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த உயரம் ஏற மட்டுமே ஏறக்குறைய 270 வாட்-அவர் (பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தின் அளவு) வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பதே 360 வாட்-அவர். மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும், சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. பாதி மலையிலேயே மோட்டார் கொதிக்கும். பெடல் அச்சில் உட்கார்ந்திருக்கும் மிட்-டிரைவ் மோட்டாரோ, செயின் வழியாக கியரைப் பயன்படுத்தி சுலபமாக ஏறும். அது விலை கூட, பெரும்பாலும் மடங்காது. எம்பிவி (மூன்று வரிசை சீட் உள்ள பெரிய குடும்பக் கார்) வைத்திருந்து, மலை ஏறுவதே நோக்கம் என்பவர்கள் அதை வாங்கி, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை என்று காரை நிறுத்திவிட்டுச் சுற்றுகிறவர்களுக்கு மடக்கு சைக்கிளே தாராளம். என் ஓட்டு அதற்குத்தான்.

எதை வாங்கினாலும் பேட்டரி தனியாகக் கழன்று வரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சைக்கிள் ஃபிரேமுக்குள் படுத்திருக்கும் கழற்ற முடியாத பேட்டரி என்றால், லாட்ஜ் மாடி அறைக்கு முழு சைக்கிளையும் தூக்கவேண்டி வரும். கழன்று வந்தால் இரண்டு மூன்று கிலோ குறையும். அதை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைக்கலாம். வெயிலில் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. சித்திரை வெயிலில் காரின் உட்புறம் அதைச் சுலபமாகத் தாண்டும். வந்ததும் சார்ஜில் போடாமல், அறையில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும் சைக்கிளுக்கு நம் நாட்டில் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். கூட்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம், விபத்து நடந்தால் மாட்டிக்கொள்வது ஓட்டுகிறவர்தான். விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம்: 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை.