காரைக்குடி பல் கிளினிக்: பிடுங்கிய பல்லும் விட்டுவைத்த பல்லும்

காரைக்குடியில் ஒரு மாடிக் கிளினிக். பள்ளத்தூரிலிருந்து மூன்று தடவை போய் வந்தோம். மகளுக்கு வயது ஏழு. இரண்டு பால்பல்லைப் பிடுங்குவது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டுதான் கிளம்பினோம். ஒன்று கீழ் முன்பல். அது விழுவதற்குள் பின்னால் புதுப்பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரிந்தது. இன்னொன்று கீழ்க் கடைவாய்ப்பல், சொத்தை. பக்கத்து ஈறில் மிளகளவு கட்டி, அமுக்கினால் சீழ்.

என் மாமியாருக்கு முன்பல்தான் கவலை. பொம்பளைப் பிள்ளை, பல்வரிசை கோணிவிடுமாம். சொத்தைப் பல்லுக்கு, "விழுகிற பல்லுக்கு எதுக்குத்தா வைத்தியம்?" என்றார்.

டாக்டர் சொன்னது நேர் எதிர். முன்பல் ஏற்கெனவே ஆடுகிறது, நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கட்டும், தானாக விழும், புதுப்பல்லை நாக்கே முன்னால் தள்ளிக் கொண்டுவரும் என்றார். சில மாதமாகியும் அசையாமல் நின்றால்தான் எடுக்க வேண்டுமாம். கடைவாய்க்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். வேருக்குக் கீழே எலும்பு கறுப்பாக அரித்திருந்தது. வேர் சிகிச்சை செய்து காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் சீழ் கெடுக்கும் என்பதால் எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் அந்த இடத்தில் அடுத்த பல் வர 10, 12 வயதாகும். அதுவரை காலியாக விட்டால், ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பது போல ஒரு கம்பி வளையம் மாட்டினார்கள். ஸ்பேஸ் மெயின்டெய்னர். அந்தப் பெரிய பல்லையும் நான் இத்தனை நாள் பால்பல் என்றே நினைத்திருந்தேன்!

பல் எடுக்க 800, எக்ஸ்ரே 200, வளையம் 2,500 ரூபாய். வளையம் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள், பன்னிரண்டு நாள் ஆனது.

குறைகளும் உண்டு. ஐந்தரைக்கு வரச் சொல்லி ஏழு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். உதவியாளர் பெண் "வலிக்கவே வலிக்காது பாப்பா" என்று சொல்லிவிட்டார், ஊசி குத்தியதும் இவள் ஏமாந்துபோய் அழுதாள். டாக்டர்தான் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்ணு" என்று சமாளித்தார். எண்ணினாள், எட்டில் ஊசி வெளியே வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வேறொன்றில். பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும், துப்பக் கூடாது, ஸ்ட்ரா வேண்டாம் என்றெல்லாம் சொன்னவர்கள், மரத்த உதட்டைப் பிள்ளை கடித்துவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பஞ்சை எடுத்த பிறகு பஸ்ஸில் உதட்டை மென்றுகொண்டே வந்திருக்கிறாள். இறங்கும்போது கீழுதடு நாவல்பழம் மாதிரி வீங்கியிருந்தது. பல் எடுத்த இடம் மறுநாளே சரி, உதடு ஆற ஒரு வாரம். மருந்துச் சீட்டில் அந்த ஒரு வரியை அச்சடித்துவிட்டால் ஐந்து நட்சத்திரம் தருவேன். இப்போதைக்கு நான்கு.

முன்பல் பதினெட்டாம் நாள் சீப்புச் சீடை கடிக்கையில் விழுந்தது. அப்பத்தா அதைச் சாணியில் பொதிந்து வளவு ஓட்டின் மேல் எறிந்தார். கடைவாய்ப்பல்லை எறிய இவள் விடவில்லை. ஓட்டையோடு பென்சில் டப்பாவில் கிடக்கிறது, வகுப்பில் எல்லோரும் பார்த்தாயிற்று.