அம்மா கைக்கு மறுபடி ராட்டைய குடுத்த ஹோம்

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய், வந்து 4 வருசம் ஆச்சு, இந்த ஹோம்ல சேர்த்து 8 மாசம். ஏற்காடு அடிவாரம் பக்கம், நல்ல காத்தோட்டமான எடம், சாப்பாடு பரவால்ல, ரூம் சுத்தம். அதெல்லாம் இருக்கட்டும், நான் எழுத வந்தது வேற விசயம்.

இதுக்கு முன்னாடி இருந்த எடத்துல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் டிவி முன்னாடி வரிசையா உக்கார வெச்சிருவாங்க, ஆக்டிவிட்டி ஏதாச்சும் குடுங்கன்னு கேட்டா எல்கேஜி புள்ளைங்க கலர் அடிக்கிற புக்க நீட்டுனாங்க, அம்மா அத வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சேலம் அம்மாபேட்டைல அப்பா தறிக்கு 40 வருசம் தார் சுத்தி, அதாவது நெய்யிற ஊடை நூல ராட்டைல குச்சிக்கு சுத்தி, எங்க மூணு பேரயும் படிக்க வெச்சவங்க அவங்க.

இங்க சேர்க்குற அன்னிக்கே சிஸ்டர் ஒருத்தங்க என்னைய ஒரு மணி நேரம் உக்கார வெச்சு கேட்டாங்க, என்ன வேல பாத்தாங்க, எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க, எப்படி கூப்ட்டா திரும்பி பாப்பாங்கன்னு. தார் சுத்துவாங்கன்னதும் "வீட்ல ராட்ட இருந்தா கொண்டாங்கக்கா"ன்னாங்க. பரண்ல கெடந்தத தொடச்சு எடுத்துட்டு போனேன். அம்மாவுக்கு என்னைய தெரியாது, அவங்க தங்கச்சின்னு தான் நெனச்சிட்டு இருக்காங்க, ஆனா நூல கைல குடுத்ததும் அறுந்த இழைய விரல்ல முறுக்கி சேத்து சுத்த ஆரம்பிச்சாங்க பாருங்க, "நூல இழுக்காதடி"ன்னு என்னைய அதட்டு வேற. நடந்தத ஞாபகம் வெக்கிறது வேற, கை பழகுன வேல மூளைல வேற எடத்துல இருக்கு, அது ரொம்ப நாள் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு.

சுத்துன தார சிஸ்டர் எண்ணி வாங்கிக்கிறாங்க, அது எனக்கு ரொம்ப பெருசு. லீ பஜார்ல மண்டி வெச்சிருந்த பெரியவர் ஒருத்தர் துவரம்பருப்பையும் பாசிப்பயறையும் பிரிச்சு படில அளக்குறாரு, கலந்து போட்டாலும் யாரும் திருத்துறதில்ல. ஆடில மாவிளக்குக்கு மாவு பெசைய விட்டாங்க. சாயங்காலம் ஆனா வீட்டுக்கு போகணும்னு தவிக்கிறது இந்த நோய்ல நெறய பேருக்கு இருக்கு, அந்த நேரத்துல டீ குடுத்து தோட்டத்துல நடக்க வெச்சு அப்புறம் அவரைக்கா உரிக்க உக்கார வெக்கிறாங்க, அம்மா வாசல் கேட் கிட்ட போயி நிக்கிறது கொறஞ்சிருக்கு.

கொறை: ஞாயித்துக்கிழம ஆளு கம்மி, அன்னிக்கு இங்கயும் டிவி தான். மாசம் 28,000, டயப்பர் தனி. அதான் 4 ஸ்டார்.

சேர்க்கணும்னு பாக்குறவங்க எந்த ஹோமா இருந்தாலும் காலைல போகாதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போயி அங்க இருக்குறவங்க கைல என்ன இருக்குன்னு பாருங்க.