தரவுத்தள அறிமுகப் பாடம்: பல வருட வேலைக்குப் பிறகு எது உழைக்கிறது?

தகவல் முறைமைகளும் தரவுத்தளமும் சேர்ந்த அறிமுகப் பாடத்தைப் படித்து முடித்துப் பல வருடங்களாகின்றன. அன்றிலிருந்து அலுவலகத் தரவோடுதான் பிழைப்பு. படித்ததில் எது இன்னும் உழைக்கிறது, எது பரீட்சையோடு போனது என்று இப்போது சொல்லலாம்.

முதல் பாதியில் ஒரு முக்கோணப் படம் வரும். அடியில் அன்றாடப் பரிவர்த்தனைகள், நடுவில் மேலாளர்களுக்கான அறிக்கைகள், உச்சியில் தலைமையின் முடிவுகள். மனப்பாடம் செய்தாயிற்று, வேலையில் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் பாதி வேறு கதை. தரவு அட்டவணைகளாக இருக்கட்டும், அது வட்டில் எப்படிக் கிடக்கிறது என்ற கவலை பயன்படுத்துகிறவருக்கு வேண்டாம் என்று ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த நார்மலைசேஷன் (ஒரே தகவலைப் பல வரிகளில் திரும்ப எழுதாதபடி அட்டவணைகளைப் பிரிப்பது) வகுப்பில் தூக்கம் வரவழைத்தது. இன்று தினமும் கைகொடுப்பதும் அதுதான். பணியாளர் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் துறைத் தலைவரின் பெயரையும் எழுதி வைத்திருப்பார்கள். தலைவர் மாறினால் 40 வரிகளைத் திருத்த வேண்டும், 38 திருந்தும். ஒரே துறைக்கு இரண்டு தலைவர்கள்! துறையின் கடைசிப் பணியாளரை நீக்கினால் துறையே காணாமல் போகும். துறைக்குத் தனி அட்டவணை போட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது.

பாடம் ஒரே பத்தியில் தாண்டிப் போன விஷயம் ‘நல்’ (NULL). அது பூஜ்யமும் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. மதிப்பு தெரியாது என்பதன் அடையாளம். எந்தத் திட்டத்திலும் இல்லாத பணியாளர்கள் யார் என்று, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் ‘நாட் இன்’ (NOT IN, ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்’) போட்டுக் கேட்கிறோம். திட்டப் பட்டியலில் ஒரே ஒரு வரியில் பணியாளர் எண் ‘நல்’ என்று இருந்தால் போதும், விடையில் ஒருவர்கூட வரமாட்டார். பிழைச் செய்தியும் கிடையாது. தெரியாத அந்த எண் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால், ‘இவர் இல்லை’ என்று அடித்துச் சொல்ல எஸ்கியூஎல் மறுக்கிறது. எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்று அறிக்கை மேலே போய்விடும். ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ (NOT EXISTS, ‘பொருந்தும் வரி எதுவும் இல்லை’) போட்டு எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

எக்செல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஆள் கணக்குப் பார்க்க அதுதான் வசதி. ஒரு தாளில் 10,48,576 வரிகள்தான் என்பதுகூடப் பெரிய குறை இல்லை. 00417 என்ற பணியாளர் எண்ணை அப்படியே தட்டினால் 417 ஆக்கிவிடுகிறதே, அதுதான் வம்பு. அப்புறம் இன்னொரு பட்டியலோடு பொருத்தும்போது ஆள் கிடைக்கமாட்டார்.

புதிதாகப் படிப்பவர்கள் எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் பழகலாம். சர்வர் வேண்டாம், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. ஒன்று மட்டும் கவனம்: பழைய நிரல்கள் உடையாமல் இருக்க, அதில் ஃபாரின் கீ சோதனை (ஒரு அட்டவணையில் கொடுக்கும் எண் அது சுட்டும் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்ப்பது) பொதுவாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கான பிராக்மாவை (எஸ்கியூலைட்டின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் இல்லாத துறை எண்ணைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும்.