தலைகுந்தா காலைக்கு 200 மிமீ லென்ஸ் போதுமா, 400 வேண்டுமா?

ஊட்டியில் மரக்கிளைகளின் மேல் வெண்பனி பொழிவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே விழுவது உறைபனி. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் வெண்மை புல்லிலும் தேயிலைச் செடியிலும் காரட் தோட்டத்திலும் படிகிறது. மேலே நிற்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கின்றன. தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் கிளைதோறும் வெள்ளை சுமக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு அதையே இங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நமக்கு வாய்ப்பது வெள்ளைத் தரையில் ஊன்றிய கரிய அடிமரம். எனக்கு அதுவே மேலான படம்.

நான் மாறி மாறிச் சுமந்த லென்ஸ்கள் மூன்று: 70-200 எஃப் 2.8, 70-300, 100-400. இவை மிமீ கணக்கில் குவியத்தூரம்; எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்கிறது; அது சிறிதானால் உள்ளே வரும் ஒளி கூடும். மூன்றையும் ஃபுல் பிரேம் கேமராவில் (சென்சாரின் அகலம் 36 மிமீ) பொருத்தியே ஒப்பிடுகிறேன்.

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைகுந்தாவில் கூடலூர் சாலையோரம் நின்றால் மரங்கள் எதிர்ச் சரிவில் இருக்கும். நடுவில் பள்ளம், சில இடங்களில் சதுப்பு. நடந்து கிட்டே போக வழியில்லை. போனாலும் உறைந்த புல்லில் நம் காலடித் தடம்தான் படத்தில் விழும். இங்கே 100-400 தன் மதிப்பைக் காட்டுகிறது. 200 மீட்டர் தொலைவில் உள்ள மரவரிசையை 200 மிமீயில் பார்த்தால் சட்டத்துக்குள் 36 மீட்டர் அகலம் வந்துவிடும். கூடவே மின்கம்பம், கொட்டகை, நிறுத்திவைத்த வேன். 300இல் அது 24 மீட்டர், 400இல் 18. அந்த 18 மீட்டருக்குள் நான்கைந்து அடிமரங்கள் மட்டும் தெரியும், கீழே ஒரு வெள்ளைக் கோடு. வானம் முற்றிலும் வெளியே. கலை என்று நான் நினைப்பது அந்த வெட்டில் தொடங்குகிறது.

ஒரு ஜனவரிக் காலையில் இப்படித்தான் ஒற்றைக் கற்பூர மரம் கிடைத்தது. பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கியது. உரிந்த இடம் இளஞ்சாம்பல், உரியாத இடம் காப்பி நிறம். அடியில் இருந்த செடிகளின் ஒவ்வோர் இலை விளிம்பிலும் ஊசி ஊசியாய்ப் பனி. இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருந்தது. 200இல் எடுத்த படத்தில் அது வெறும் மரம். 400இல் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, உச்சியை விட்டுவிட்டு, அடிமரத்தையும் அந்த விளிம்புகளையும் மட்டும் எடுத்தேன். நிறமே தேவையில்லாத படம் அது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியபோது, 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ஆலை பக்கத்தில் இந்து நகரில்தான் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. நம் நாட்டின் கறுப்பு வெள்ளைப் பிலிம் உருவானது இதே குளிரில்தான்.

கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே ஆட்சி செய்வது மூடுபனி. 40, 50 மீட்டருக்கு அப்பால் மரமே தெரியாதபோது 400 மிமீயால் என்ன பயன்? தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டலாம். மூடுபனிக்குப் பின்னால் இருப்பதை எந்த லென்ஸாலும் காட்ட முடியாது. முன்மரம் கரியாக, அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது நிழலாக அடுக்கடுக்காய்க் கரையும் அழகு 100 மிமீக்கும் 150 மிமீக்கும் நடுவில்தான் அமைகிறது. தவிர, காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. எஃப் 5.6ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில் 800 போதும். கரும்பட்டையின் நெளிவுகள் புள்ளி புள்ளியாகச் சிதையாமல் நிற்கும். இங்கே 70-200க்கு நிகரே இல்லை.

70-300ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 700 கிராம்தான். 100-400 அதைப் போல இரண்டு மடங்கு. 70-300இன் விலையும் குறைவு. எஃப் 8இல் வைத்து, ட்ரைபாடில் நிறுத்தி எடுத்தால் உறைபனிக்குத் தாராளமாகப் போதும். முதல் லென்ஸ் வாங்கும் இளைஞர் யாராவது கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன்.

எது கையில் இருந்தாலும் இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளைத் தரை சட்டத்தை நிறைக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, கூட்டுங்கள். அடுத்தது நான் நஷ்டப்பட்டுக் கற்றது: குளிரில் ஊறிய 100-400ஐத் தோளில் மாட்டியபடியே அடுப்பெரியும் டீக்கடைக்குள் போனேன். கண்ணாடி முழுவதும் நீர் பூத்தது. அது தெளிவதற்குள் அன்றைய பனி போய்விட்டது. சூடான இடத்துக்குள் போகும் முன்பே லென்ஸைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.45 ஆகிறது. மலை மறைப்பதால் பள்ளத்துக்கு வெயில் இன்னும் தாமதமாக வரும். அதுவரை காற்று நெளியாது, 400 மிமீயிலும் படம் கூர்மையாக இருக்கும். வெயில் தரையைத் தொட்டதும் காற்று நெளியத் தொடங்குகிறது. 400இல் எடுத்த அடிமரங்களின் விளிம்பு குழைந்துவிடும். அந்த நேரத்தில் லென்ஸை மாற்றிவிடுவேன். உருகும் புல்லிலிருந்து ஆவி எழுந்து, மரங்களுக்கு நடுவே எதிர்வெயிலில் பொன்னாகப் பரவும். சில நிமிடங்களே நீடிக்கும் அதை அள்ள 70-200தான் சரி.